கொழுப்பு வழித்த கறி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கறி வாங்கப் போன இடத்தில் காலில் இடறியது. பையோடு கிளம்பப்போன நேரம், ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"அண்ணே, கொழுப்பை என்ன பண்ணுனே?"

"வந்ததும் வராததுமா சண்டைக்கா?" என்றார் கறிக்கடைக்காரர்.

2

('ஆய்வகத்தின் வெண்ணிற விளக்கொளியில் அவள் மெல்ல...' என்றுதான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். கறி வெட்டும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த 'மெல்ல' ஒத்துவரவில்லை.)

விஷயம் இதுதான். வந்தவள் கடைக்காரரின் தங்கை, இறைச்சியில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிப்பவள். மாதிரிகள் கடைப் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு வரும். ஆனால் ஒரு பொட்டலத்தைப் பிரித்ததுமே யார் கத்தி என்று தெரிந்துவிட்டது. சவ்வுகூட மிஞ்சாமல் வழித்தெடுக்க இந்த ஊரில் அண்ணனை விட்டால் வேறு ஆள் இல்லை. சோதித்தாள். மருந்து இல்லை. அதுதான் உறுத்தியது.

3

"சோதனைக்குப் போற கறி. கொழுப்பும் சவ்வுமாவா அனுப்புவாங்க? மானம் போயிடாது?"

"மருந்து கொழுப்புலதாண்ணே போய் உக்காரும். வெறும் சதையைக் கொடுத்தா மெஷின் என்ன சொல்லும்? உண்ணிக்கு மருந்தடிச்ச ஆடா?"

அண்ணன் கத்தியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கத்தி.

"அடிச்சேன்னு மந்தைக்காரன் சொன்னான். எப்பன்னு நான் கேக்கல."

(இவரை முதலில் களவாணியாக எழுதியிருந்தேன். வசதியாக இருந்தது. ஆனால் ஏமாற்றுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.)

"மறுபடி சோதிக்கணும். கொழுப்பு கொடு."

"மருந்து இருந்துச்சுன்னா?"

"மொத்தக் கறியும் குழிக்குப் போகும். கடைக்குப் பூட்டு."

"உன் அண்ணன் கடைம்மா."

"தெரிஞ்சுதானே வந்திருக்கேன்."

4

அந்த மந்தையின் கடைசி ஆட்டுக் கொழுப்பை அவர் சற்றுமுன்தான் எனக்குக் கொசுறாகப் போட்டிருந்தார். அவர் கண் என் பைக்கு வந்தது. அங்கிருந்து வாசலுக்குப் போனது. போய்விடு என்று அர்த்தம். தங்கையும் அந்தக் கண்ணைப் பின்தொடர்ந்துவிட்டாள்.

முடிவு ஒன்று: பையைக் கொடுத்துவிட்டு நான்...

முடிவு இரண்டு: வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகள் தட்டில்...

இரண்டும் நகரவில்லை. அந்த மெஷின் என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த மனிதரின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டியவன் நான்.

"சார், அந்தப் பை," என்று கையை நீட்டினாள்.

படிக்கிறவரே, இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். பெரிய கனமில்லை. அவள் கை நீண்டபடியே இருக்கிறது. அண்ணன் இப்போது உங்களைப் பார்க்கிறார்.