காற்றுக்கு முதுகு

துணி உப்பிக்கொண்டே போகிறது, நீல நிற நைலான் துணி, முட்ட வரும் மாட்டின் வயிறு மாதிரி என் கன்னத்தில் மோதுகிறது, அதன் ஒரு மூலையில் நான் குப்புறக் கிடக்கிறேன், விளிம்பை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு, வாய்க்குள் ஆற்று மணல், துணிக்கு உள்ளே எங்கோ என் பிள்ளை, அழுகைச் சத்தம் இல்லை, காற்றின் சத்தம் மட்டும், விடாதே, விடாதே என்று யாருக்கோ சொல்கிறேன், கண் விழித்தால் மத்தியான வெயில், கையில் இருப்பது போர்வை, கூடத்தில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், கோயம்புத்தூரிலும் ஆடிக்காற்று ஜன்னலை அடிக்கிறது, அடித்தால் போதும், என் விரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன, கோபம் தானாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது, அதையெல்லாம் இன்னுமா நினைச்சுக்கிட்டு இருக்க என்று இவர் கேட்பார், நான் எங்கே நினைக்கிறேன், அதுதான் என்னை நினைத்துக்கொண்டு வருகிறது.

மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில், இவருடைய குலசாமி ஐயனார், ஆடி அமாவாசைக்கு முன்னாலேயே ஊர் ஊராகக் குடும்பங்கள் வந்து இறங்கும், ஓலையோ தார்ப்பாயோ பழைய சேலையோ, கையில் கிடைத்ததைக் கூரையாக்கிக் குடில் கட்டித் தங்கும், எங்களுக்கு எப்போதும் இவருடைய அண்ணன்தான் கட்டித் தருவார், அந்த வருஷம் அவர் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார், எட்டு மாதப் பிள்ளைக்கு முடி இறக்கவேண்டும், அதனால் கடையில் ஒரு கூடாரம் வாங்கினோம், அதோடு வந்த தாளை நான்தான் படித்தேன், எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் விரித்துக் கட்டிப் பார்த்ததும் நான்தான், காற்று வரும் பக்கத்து மூலைகளை முதலில் அடிக்க வேண்டும், வாசல் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், முளைகளைச் சாய்த்து அடிக்க வேண்டும், நாலு மூலையும் நிற்கும்வரை பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது, வழி நெடுக இவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன், சரி சரி என்று இவரும் வண்டி ஓட்டிக்கொண்டே வந்தார், போய் இறங்கியதும் சொன்னது ஒன்றுதான், வாசல் சன்னதியப் பாத்துதான் இருக்கணும், எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். சன்னதி மேற்கே, காற்றும் மேற்கே இருந்துதான் வருகிறது. உங்க அண்ணன் கட்டினது ஓலைக்குடில், காத்து ஊடே போயிரும், இது பைங்க, வாயத் தொறந்து வச்சா ரொம்பிரும் என்றேன், சாமி கும்பிட வந்துட்டு சாமிக்கே முதுகக் காட்டச் சொல்லுதியா, மாடியில ரெண்டு தடவ கட்டிட்டா நீ என்ன எஞ்சினியரா என்றார்.

மணலில் முளை நிற்கவில்லை, அடிக்க அடிக்க ஆடியது, பக்கத்துக் குடிலில் விறகு பிளந்துகொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார், அண்ணாச்சி, கூடாரம் கெட்டுதீயளா, பட்டம் விடுதீயளா, நூலு வேணும்னா சொல்லுங்க. அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி சிரித்துவிட்டு, எகத்தாளம் பேசாம நாலு கல்லத் தூக்கிட்டுப் போய்க் குடும், கைப்பிள்ளக்காரி நிக்கா பாரும் என்றாள், அவள் பெயர் பூரணம், அவர் சேர்மக்கனி, நெஞ்சோடு அணைத்து ஒவ்வொன்றாக ஆற்றுக் கற்களைக் கொண்டுவந்து போட்டார், நாங்க பாத்துக்கிடுதோம் என்று இவர் கையைக் காட்டினார், அவர் போனதும் என் காதோடு, அவங்க நம்ம ஆளுகளான்னு கேட்டியா, இன்னைக்குக் கல்லு கொடுப்பாங்க, நாளைக்கு சோறு கொடுப்பாங்க, பொறவு உறவு கொண்டாடுவாங்க என்றார். ஒரே ஆறு, ஒரே சாமி, எங்கள் அடுப்புப் புகையும் அவர்கள் அடுப்புப் புகையும் ஒன்றாகத்தான் ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, அதை யார் பிரிப்பது, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஆனால் கோயிலில் சண்டை ஆகாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள், பாயில் தூங்கிய பிள்ளையை இவரிடம் விட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். திரும்பி வந்தால் கற்கள் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன, பாயில் பிள்ளையைக் காணோம், எங்கே என்றேன், உள்ள போட்டிருக்கேன், தூங்கிட்டுதான் இருக்கா, பாரம் இல்லாமத்தான தூக்குது, பையெல்லாம் போட்டேன், அவளையும் போட்டேன், பாரத்துக்குப் பாரமும் ஆச்சு என்றார்.

பாரம். அந்தச் சொல் இன்னும் என் பல்லில் மணலாக நறநறக்கிறது, அதை அவர் சொல்லி முடித்ததும் காற்று வந்ததா, வந்துகொண்டிருக்கும்போது சொன்னாரா, இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை, முளைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன, கூடாரம் பின்னால் சாய்கிறது, ஆற்றைப் பார்த்து நகர்கிறது, குடம் எங்கே விழுந்ததோ, நான் ஒரு மூலையில் விழுகிறேன், இவர் பறந்துபோன மேல்விரிப்பைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார், துணி என்னையும் சேர்த்து இழுக்கிறது, திடீரென்று நிற்கிறது, தலையைத் தூக்கினால் அடுத்த மூலையில் பூரணம் கையில் அகப்பையோடு பொத்தென்று உட்கார்ந்திருக்கிறாள், அதற்கப்பால் சேர்மக்கனி கல்லை வைத்து அதன்மேல் தானும் படுத்திருக்கிறார், பயப்படாத மதினி, நானு பருத்த சரீரம், என்னத் தூக்கணும்னா காத்துக்கு இன்னொரு ஆடி வேணும் என்கிறாள், சிரித்தபடிதான் சொல்கிறாள், ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை, நான் ஊர்ந்து உள்ளே போகிறேன், பைகளுக்கு இடையில் பிள்ளை, தலையெல்லாம் மணல், மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், பிறகு வீறிடுகிறாள், அந்த அழுகையைப்போல ஒரு வேத மந்திரத்தை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் பூரணம் இரண்டு தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், இவர் தம்ளரைப் பார்த்தார், கீழ வச்சிரு, குடிக்க வேண்டாம் என்றார், நான் என் தம்ளரை எடுத்துக் குடித்தேன், அவர் தம்ளரையும் எடுத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன், நாக்கு வெந்தது, எந்திரிங்க, அந்தப் பக்கம் தூக்குங்க, திருப்பணும் என்றேன், சாமிக்கு முதுகாயிருமே என்று இழுத்தார், எம்பிள்ளையப் பாரம்னு சொன்ன வாயால சாமி பேரச் சொல்லாதீங்க, சாமி என் முதுகப் பாத்தாலும் என்னத்துக்குத் திரும்பினேன்னு தெரிஞ்சுக்கிடுவாரு என்றேன், சுற்றிலும் குடில்களிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், கோயிலில் நான் போட்ட முதல் சண்டை அது, இவர் எழுந்து வந்து தூக்கினார், மேற்கு மூலைகளில் முதலில் அடித்தேன், சாய்த்து அடித்தேன், ஒவ்வொரு முளையின்மேலும் சேர்மக்கனி கொடுத்த கல்லை வைத்தேன், காற்று வந்தது, கூடாரத்தின் முதுகில் ஏறி, வழுக்கி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

சாயங்காலம் எனக்குப் பின்னாலிருந்து மணிச்சத்தம் கேட்கிறது, எல்லாரும் மேற்கே திரும்பி நிற்கிறார்கள், இவரும் வெளியே நிற்கிறார், நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறேன், வாசலுக்கு நேரே பூரணத்தின் அடுப்பு எரிகிறது, அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அவள் நிமிர்கிறாள், எதற்கோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள், என்ன மதினி, உப்பா என்று கேட்கிறாள், ஆமா மதினி, உப்புத்தான் என்கிறேன், ஒரு பிடி அள்ளிக்கொண்டு வருகிறாள், உப்பைக் கையில் வாங்கினால் சண்டை வரும் என்பார்கள், அவளும் ஒரு கணம் தயங்குகிறாள், வரட்டும், எனக்குச் சண்டை யாரோடு என்பது எனக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் துணி மெல்ல உப்பி மெல்லத் தணிகிறது, தூங்கும் பிள்ளையின் வயிறு மாதிரி, அத்தனை நேரமும் இறுக்கியிருந்த விரல்களை விரித்து நான் கையை நீட்டுகிறேன்.