முதல் வருடச் செலவு

ஏழை நாடுகளுக்கு எந்த நாடு தாராளமாக உதவுகிறது என்று ஆண்டுதோறும் பட்டியல் போடும் ஆய்வு நிலையம் அது. மொத்தத் தொகையைப் பார்த்தால் பெரிய நாடுதான் முந்தும். வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் சின்ன நாடும் மார்தட்டலாம். அப்படிப் பார்த்ததில் இந்த வருடம் அவர்கள் நாடு மூன்றாவது.

“இனிப்பு சொல்லிடவா மேடம்?” என்றான் குட்டி மந்திரி. அமைச்சர் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டுகிறவன் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

“கொஞ்சம் பொறு. இதுல பாதி நாட்டை விட்டே போகல,” என்றார் நிலையத்தின் தலைவி. “இங்க இருக்கிற அகதி முகாமுக்குப் போச்சு. வந்தவங்களோட முதல் வருஷச் செலவை வெளிநாட்டு உதவின்னு எழுதலாம். விதி இடம் கொடுக்குது.”

தசமம் நிமிர்ந்தான். புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் பார்க்காமல் விடமாட்டான், அதனால் தசமம். ஆறு வருடத்துக்கு முன் அதே முகாமில் வந்து இறங்கியவன்.

“அதுக்குத் தனியா பணம் ஒதுக்குவாங்களா மேடம்?”

“தனியா எங்க? ஒரே பானை. இங்க அள்ளினா அங்க குறையும். நீ வந்த வருஷம் முகாமுல கூட்டம் ஜாஸ்தி. உங்க நாட்டுல நாம நடத்தின பிரசவ ஆஸ்பத்திரி அத்தனையும் ஒரே உத்தரவுல மூடினாங்க.”

தசமம் பேனாவைக் கீழே வைத்தான்.

பிள்ளை பிறந்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி மனைவியை விட்டு வந்தவன். பக்கத்திலேயே அந்த ஆஸ்பத்திரிகளில் ஒன்று இருக்கிறது என்ற தைரியம். வலி எடுத்த அன்று அது பூட்டிக் கிடந்தது. அடுத்த ஊருக்குப் போகும் வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். எந்தப் பாவி மூடினான் என்று மாமனார் இன்றைக்கும் போனில் கேட்கிறார். இவனும் எங்கெங்கோ எழுதிக் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

“முகாம் செலவைக் கழிச்சா நாம எட்டாவது,” என்றார் தலைவி. “கழிக்கலாமா? நீ சொல்லு.”

“உங்க ஆளுங்களுக்குச் செஞ்சதுதானேய்யா,” என்றான் குட்டி மந்திரி. “நீயும்தான் சாப்பிட்டே. அது உதவி இல்லையா?”

“உதவிதான். கொடுத்தது யாருன்னுதான் தெரியாம இருந்தேன்.”

குட்டி மந்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவிக்கும்தான்.

“கழிச்சிடுங்க மேடம்.”

திரையில் நாடு எட்டாம் இடத்துக்கு இறங்கியது. தசமம் அதைப் பார்க்கவில்லை. மாமனாரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை எந்த வாயால் சொல்வது என்றுதான் தெரியவில்லை.