மிச்சம் கிடந்த பாதி

இங்கிலாந்தின் கென்ட் சீமையில் எங்கள் வீடு. முதலாம் சார்லஸ் மன்னர் ஆதாமின் வாரிசு, நாட்டுக்கே தகப்பன், அவரை எவரும் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று அப்பா புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆதாரம் பைபிள்ல, பத்துக் கட்டளையிலயே இருக்கு," என்றார் சாப்பாட்டு மேசையில். "'உன் தகப்பனைக் கனம்பண்ணுவாயாக.'"

ஆட்டுக்கறியை அரிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "தகப்பனையும் தாயையும்னுல்ல இருக்கு? தாயை எங்க விழுங்கினீங்க?"

"ராஜாங்க விஷயத்துல உனக்கென்னடி? பேசாம பரிமாறு."

அம்மா கறியைப் பரிமாறினாள். நான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

காலையில் பெற்றோர் இருவர் முன்னும் மண்டியிட்டு ஆசி வாங்கிய பிறகுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொழுதே தொடங்கும். மறுநாள் நான் அம்மா முன் மட்டும் மண்டியிட்டு எழுந்தேன்.

"மகளே தாமசின்! என் ஆசி வேண்டாமா உனக்கு?"

"கட்டளையில பாதியை நீங்க எடுத்துக்கிட்டீங்கப்பா. மிச்சப் பாதி கேட்பாரில்லாம கிடந்துது, நான் எடுத்துக்கிட்டேன்."