காற்றில் கழுவிய கைகள்

மூன்றாவது வாரமாகப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பதினெட்டுப் பேர் இருக்கவேண்டிய மழலையர் வகுப்பில் அந்தத் திங்கட்கிழமை பதினோரு பேர்தான் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டில் ஏழு சுழியம் போட்டு முடிக்கும்போதே நிர்வாகி அம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"பெத்தவங்க போன் மேல போன் போடுறாங்க. கை கழுவுறதைச் சொல்லிக்கொடுங்க டீச்சர். மிரட்டி இல்ல, விளையாட்டா. இப்ப எல்லாமே விளையாட்டு வழிக் கல்விதானே."

"சொல்லிக்கொடுக்கிறேன் மேடம். ஆனா அந்தக் குழாய்..."

"குழாய்ப் பேச்சை மறுபடி எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நிர்வாகி போய்விட்டாள்.

குழாய்ப் பேச்சு ஒரு வருஷத்துப் பேச்சு. அந்தக் கட்டிடம் முன்னால் ஏதோ அலுவலகமாக இருந்தது. கை கழுவும் தொட்டி பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் சுவரில் பதிந்திருந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கு அது மூக்கு உயரம். கீழே ஒரு படி போடுங்கள் என்று டீச்சர் நாலு முறை கேட்டாயிற்று. ஏறி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று நாலு முறையும் ஒரே பதில். அதனால் தின்பண்ட நேரத்துக்கு முன்னால் ஆயாம்மா ஒரு ஈரத்துணியோடு வருவாள். ஒரே துணி. முதல் பிள்ளையின் கையில் தொடங்கி பதினெட்டாவது பிள்ளையின் கைவரைக்கும் அதே துணிதான் ஊர்வலம் போகும். நோய் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போக இதைவிட ஒழுங்கான ஏற்பாடு வேண்டுமா என்று டீச்சருக்கு எரியும்.

சரி, விளையாட்டு என்றால் விளையாட்டு. அன்றிரவே உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் கொஞ்சம் எண்ணெயில் மினுமினுப்புத் தூளைக் குழைத்துத் தன் உள்ளங்கையில் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

"இதோ பாருங்க, இதுதான் கிருமி. நிஜக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. இது தெரியும். நான் யாருக்காவது கை கொடுக்கிறேன், அவங்க அடுத்தவங்களுக்குக் கை கொடுங்க. எங்கெங்க போகுதுன்னு பாப்போம்."

அருமையாகப் போயிற்று. ஐந்து நிமிஷத்தில் மினுமினுப்பு மேசை, கதவுக் கைப்பிடி, கரடி பொம்மையின் காது, ஒரு பையனின் மூக்குத் துவாரம் எல்லாவற்றிலும் இருந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். டீச்சருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

"இப்ப இந்தக் கிருமியை என்ன பண்ணலாம்?"

"வச்சுக்கலாம்!" என்று பதினோரு குரலும் ஒரே நேரத்தில்.

அவ்வளவுதான். யாரும் கழுவ வரவில்லை. 'குட்டிப்புயல்' என்று அவள் மனதுக்குள் பெயர் வைத்திருந்த பெண் இரண்டு கைகளையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு, "என் கிருமி அழகா இருக்கு மிஸ், நான் தரமாட்டேன்" என்று அழுதாள். அவள் அழுததும் இன்னொருவன் அழுதான். மாலையில் ஒரு தாய் போனில், "எங்க வீட்டுத் தலையணை, மெத்தை, பால் டம்ளர் எல்லாம் மினுமினுன்னு இருக்கு. கேட்டா கிருமி வளக்கிறேங்கிறான். என்னதான் சொல்லித் தர்றீங்க?" என்றாள்.

டீச்சர் போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன் ஸ்டியரிங் பிடித்த கையோடு ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"கை!" என்று அவள் கத்திய கத்தலில் ரொட்டி கீழே விழுந்தது.

"ஏன் என் மேல பாயறே? நான் என்ன உன் வகுப்புப் பிள்ளையா?"

"அதுங்களாவது அழுதுட்டுச் சும்மா இருக்கும். நீங்க எதிர்த்துப் பேசுறீங்க."

அவன் எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தான். குழாய் அவன் உயரத்தில் இருந்தது.

அடுத்ததாக ஒரு பாட்டுக் கட்டினாள். அவளே வார்த்தை போட்டு, அவளே மெட்டுப் போட்டது.

'உள்ளங்கை ரெண்டும் உரசு உரசு, புறங்கை ரெண்டும் வருடு வருடு, விரலுக்கு நடுவே விளையாடு, கட்டைவிரலைத் திருகிவிடு, நகத்துக்குள்ளே எட்டிப்பாரு.'

வரிக்கு ஒரு கை அசைவு. பாட்டு முடிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சோப்பு கையில் இருக்கவேண்டும் என்பது கணக்கு. தொட்டி எட்டாததால் பாயில் உட்காரவைத்தே பழக்கினாள். முதலில் பாட்டு வரட்டும், பிறகு ஒவ்வொருவராகத் தூக்கிப் பிடித்துக் குழாயில் கழுவவைக்கலாம் என்று நினைத்தாள்.

பாட்டு பிள்ளைகளுக்குத் தேனாய் இனித்தது. இரண்டே நாளில் மனப்பாடம். நிர்வாகி செல்போனில் படம் பிடித்து எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பினாள். பெற்றோர் பதிலுக்குக் கைதட்டும் பொம்மைப் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். நோயிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகளும் கூடச் சேர்ந்து பாடினார்கள். 'அப்பாடா' என்று டீச்சர் மூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை தின்பண்ட நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. காலையில் மண்ணில் விளையாடிய கைகள். ஆயாம்மா துணியோடு வந்தபோது குட்டிப்புயல் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"வேணாம் ஆயாம்மா. நாங்களே கழுவிக்குவோம்."

டீச்சர் கண் கலங்கும் அளவுக்குப் பெருமைப்பட்டாள். பிள்ளைகள் வரிசையாக எழுந்து நின்றார்கள். பாட்டை ஆரம்பித்தார்கள். உள்ளங்கையை உரசினார்கள், புறங்கையை வருடினார்கள், கட்டைவிரலைத் திருகினார்கள். கடைசியில் இல்லாத தண்ணீரை உதறினார்கள். உட்கார்ந்தார்கள். மண் ஒட்டிய விரல்களால் வாழைப்பழத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க! கை கழுவலையே!"

"கழுவிட்டோமே மிஸ்" என்றான் மூக்கில் மினுமினுப்பு ஏறிய பையன். பொறுமையாகத்தான் சொன்னான், அவளுக்குத்தான் புரியவில்லை என்பதுபோல.

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். குறும்பு என்றால் கண்டிக்கலாம். அவர்கள் குறும்பு செய்யவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்கிறார்கள். தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

நேரே நிர்வாகியின் அறைக்குப் போனாள்.

"மேடம், பிள்ளைங்க காத்துல கை கழுவுறாங்க. இன்னிக்கே ஒரு படி வேணும்."

"திங்கட்கிழமை சுகாதார அதிகாரி வர்றாங்க. அந்தப் பாட்டைத்தான் காட்டப்போறோம். இந்த நேரத்துல புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க."

"அந்தப் பாட்டுதான் மேடம் பிரச்சினையே!"

"எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. உங்களுக்கு மட்டும் பிரச்சினையா?"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தாள். கையில் ஒரு கோப்பு, கண்ணில் தூக்கம், அடுத்துப் போகவேண்டிய இடங்களின் பட்டியல். பிள்ளைகள் பாடினார்கள். அதிகாரி சிரித்தாள். கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டு, கிளம்புகிற வேகத்தில் குட்டிப்புயலின் கன்னத்தைத் தட்டி, "எப்ப எப்பக் கை கழுவணும் கண்ணு?" என்று கேட்டாள்.

"பாட்டு பாடும்போது."

"சாப்பிடறதுக்கு முன்னாடி இல்லையா?"

"பாட்டு பாடினா சாப்பிடலாம்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தாள். நிர்வாகியும் சிரித்தாள். டீச்சருக்கு மட்டும் காது மடல் சுட்டது. இந்தச் சிரிப்போடு கதவு மூடிவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். நிர்வாகி கண்ணால் அதட்டியதை அவள் கண்டுகொள்ளவில்லை. குட்டிப்புயலின் கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். "கழுவிக் காட்டு தங்கம்."

குட்டிப்புயல் நுனிக்காலில் நின்று கையை மேலே நீட்டினாள். டீச்சர் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விரலில் பட்டு, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கி, இடுப்புவரை நனைத்தது. பிள்ளை வீரிட்டு அழுதது. சோப்பு அதற்கும் மேலே, எட்டாத தட்டில் இருந்தது.

"இதுனாலதான் யாரும் இங்க வர்றதில்ல" என்றாள் டீச்சர். அழுகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டபோது தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஒரு உண்மையை நிரூபிக்க இதை நனைத்து அழவைக்கவேண்டியிருந்ததே.

அதிகாரி தொட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு படி போட்டுடுங்க" என்று நிர்வாகியிடம் சொல்லிவிட்டு, கோப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

வண்டி தெருமுனையைத் திரும்பியதுமே நிர்வாகி வெடித்தாள்.

"வெளியாள் முன்னாடி என்னைக் காட்டிக்கொடுத்துட்டீங்களே! இத்தனை நாள் உங்களை எவ்வளவு நம்பினேன்!"

"படி எப்ப வரும் மேடம்?"

"வரும்போது வரும்."

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. புதன்கிழமை இன்னும் இரண்டு பிள்ளைகள் வரவில்லை, அவர்களில் குட்டிப்புயல் ஒருத்தி. வாந்தியாம். டீச்சர் அந்தச் சுழியத்தைப் போட்டபோது பேனா முனை தாளைக் கிழித்தது. இனி யாரிடமும் படி கேட்டு நிற்க அவளுக்கு மனமில்லை.

வியாழக்கிழமை வீட்டிலிருந்து துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாள். நடைபாதையில் தரையிலேயே வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். விளையாட்டுச் சாமான் பெட்டியைக் கொண்டுபோய் மண்ணில் கவிழ்த்து, லாரி, யானை, கரடி எல்லாவற்றையும் புரட்டி எடுத்தாள்.

"ஐயோ, பொம்மை எல்லாம் அழுக்கு! யார் குளிப்பாட்டுறது?"

பிள்ளைகள் பாய்ந்தார்கள். சோப்பை நுரைத்து யானையின் காதைத் தேய்த்தார்கள், லாரிச் சக்கரத்தை நகத்தால் சுரண்டினார்கள். யாரும் பாடவில்லை, யாருக்கும் நேரமில்லை. பழுப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குழாயடியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு குவளையால் ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினாள். வெளியே வந்த விரல்கள் ஊறிச் சுருங்கி, நக இடுக்குவரை வெள்ளையாக இருந்தன.

"டீச்சரம்மா, இந்தத் தரையை யார் துடைக்கிறது?" என்று ஆயாம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் துடைக்கிறேன். அந்தத் துணியை மட்டும் இனிமே கொண்டுவராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நிர்வாகி வந்தாள். நடைபாதை முழுக்க வெள்ளம். செருப்பு நனையாமல் ஓரமாகவே நின்றுகொண்டு, "என்ன கூத்து இது? நாளைக்கு இது வேண்டாம்" என்றாள்.

டீச்சர் நிமிரக்கூட இல்லை. "படி வர்றவரைக்கும் தினமும் இருக்கும் மேடம். வேண்டாம்னா எழுத்துல கொடுங்க. பெத்தவங்க கேட்டா காட்டுறேன்."

நிர்வாகி எழுத்தில் கொடுக்கவில்லை. படியும் கொடுக்கவில்லை. ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரக் கடைசியில் பாயில் பதினாறு பேர் இருந்தார்கள். தொட்டியால் குறைந்ததா, வந்த நோய் தன் பாட்டுக்குப் போயிற்றா என்று யாராலும் சொல்லமுடியாது. டீச்சராலும் முடியாது. அதுவும் ஒரு எரிச்சல்தான். ஏழு நாளாகக் குனிந்து தண்ணீர் ஊற்றியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் பொம்மைகளோடு வந்து தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, "சீக்கிரம் மிஸ்" என்று அதட்டினார்கள். அவள் அடுத்த வாளியைத் தூக்கினாள்.