இடப்பக்கம் போன பெடல்

என் மச்சான் எங்கள் வீட்டு வாசலை மிதித்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. காரணம் என் வாய். வெல்டரான அவர் எங்களுக்காக ஆசையாக ஒரு இரும்புக் கேட் செய்து மாட்டினார். அது ஒரு பக்கமாகத் தொங்கி, மறுபக்கம் அடியில் இடைவெளி விட்டது. "மச்சான், பூனைக்குத் தனி வழி வெச்சிருக்கீங்க போல" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். பூனைகூடச் சிரித்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய தங்கைதான் என் மனைவி. போனில் அழுது, கெஞ்சி, ஒருவழியாகப் போன வாரம் அவரை வரவழைத்தாள். திரைச்சீலை தைத்துப் பிழைக்கும் நான் துணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், சீலையில் கம்பி கோக்கும் உலோக வளையங்களை அடிக்கும் என் மெஷினின் பெடலை வலப்பக்கத்திலிருந்து அறுத்தெடுத்து இடப்பக்கம் வெல்டு வைத்திருக்கிறார் மனிதர்.

"மாப்பிள்ளை இடதுகைக்காரர். பாவம், இத்தனை வருஷமா வலது கால்ல மிதிச்சிட்டிருக்கார். யாருக்காவது தோணுச்சா?" என்றார். முகம் முழுக்கப் பூரிப்பு.

எனக்குக் கை இடதுதான். ஆனால் கால் வலது. பந்தை உதைப்பது, கரப்பானை நசுக்குவது, கோபத்தில் கதவைச் சாத்துவது எல்லாம் அதன் வேலை. இடது கால் சும்மா துணைக்கு வந்தது.

சொல்ல வாயெடுத்தேன். மச்சானின் தோளுக்குப் பின்னால் என் மனைவியின் கண்கள் தெரிந்தன.

"பிரமாதம் மச்சான்" என்றேன்.

மறுநாளே ஒரு மருத்துவமனைக்கு நாற்பது திரைச்சீலை அடிக்க வேண்டியிருந்தது. இடது காலை மெதுவாக மிதிக்கச் சொன்னால் குதித்தது. ஓங்கி மிதிக்கச் சொன்னால் யோசித்தது. வளையங்கள் பால் பற்கள் மாதிரி மேலும் கீழுமாக முளைத்தன. கடைசியில் வலது காலை இடது காலுக்கு மேலாகக் குறுக்கே போட்டு மிதிக்க ஆரம்பித்தேன்.

"என்னங்க இது, கயிறு முறுக்கின மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"உங்கண்ணன் பண்ணிக் கொடுத்த வசதியை அனுபவிக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வருது. வாயைத் திறந்தீங்க, வளையத்தை உங்க உதட்டுல அடிச்சிடுவேன்."

ஞாயிறும் வந்தது, மச்சானும் வந்தார். "மிதிங்க மாப்பிள்ளை, பார்ப்போம்" என்று பக்கத்திலேயே நின்றார். மரியாதைக்கு இடது காலை வைத்தேன். அது பதறிப்போய்க் குதிக்க, வளையம் டக்கென்று இறங்கியது, திரையோடு என் சட்டை ஓரத்தையும் சேர்த்து. எழுந்தேன். மருத்துவமனைத் திரையும் கூடவே எழுந்து வந்தது.

மச்சான் குனிந்து என் கால்களைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கால் வலதா?"

"கொஞ்சம் வலதுதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் வராம போயிடுவீங்க. இவ அழறதைப் பார்க்க முடியல மச்சான்."

அவர் முகம் இறுகியது. பிறகு மீசை துடித்தது. "கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்! உங்களை மாட்டின லட்சணத்துக்கு என் கேட்டே தேவலையே!" என்று வெடித்துச் சிரித்தார். அவர் தங்கையும் சிரித்தாள். பதினாலு மாதச் சிரிப்பு.

அன்றே பெடல் பழைய இடத்துக்கு வந்தது. வலது கையில் சுத்தியலோடு, "சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்தார் மச்சான். இடது காலால். வலது காலுக்கு மேலாகக் குறுக்கே போட்டு, கயிறு முறுக்கின மாதிரி.

என் நாக்கு நுனியில் அருமையான பதில் ஒன்று வந்து நின்றது. மனைவி அவசரமாகத் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். பதிலையும் சேர்த்து விழுங்கினேன்.

"அடுத்த வாரம் வந்து அந்தக் கேட்டைச் சரி பண்ணிடறேன்" என்றார் மச்சான்.

"அவசரமே இல்ல மச்சான். வாராவாரம் வந்து மெதுவா பண்ணுங்க."