மரத்தின் மேல் தலைவர்

போடிநாயக்கனூர் மலைநடைச் சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. தலைவருக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. விதியைப் போட்டவர் தலைவர் பெத்துராஜ். ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி. தொந்தி கரைய மலை ஏறச் சொல்லியிருந்தார் டாக்டர். தனியாக ஏற வெட்கப்பட்டு, ஊரில் பத்துப் பேரைப் பிடித்துச் சங்கம் ஆக்கிவிட்டார். காக்கி அரை டிராயரும் கழுத்தில் விசிலுமாக அவர் முன்னால் போனால், பின்னால் வருகிறவர்களுக்கு மலை தெரியாது.

ஞாயிறுதோறும் மலையடிவாரத்து முந்தலில் பஸ்சை விட்டு இறங்கி, உச்சியிலிருக்கும் போடிமெட்டுக்குப் போகும் பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறுவார்கள். போடிமெட்டை ஒருநாளும் எட்டியதில்லை. பெத்துராஜ் நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று, "என்னா காட்சி, என்னா காட்சி" என்பார். மூச்சு வாங்குகிறது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். பாதி மலையில் ஒரு பாறை வந்ததும் விசில் ஊதுவார். எல்லாரும் புளியோதரையைத் தின்றுவிட்டு இறங்கிவிடுவார்கள்.

இது சாராள் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தில் அவர் ஒருவர்தான் பெண். சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டு வருகிறவர். "பிரசங்கத்துக்கு இந்த ஏத்தம் எவ்வளவோ தேவலை" என்று அவர் சொன்னது பாதிரியார் காது வரைக்கும் போயிருந்தது. அவ்வளவு பாவத்தையும் சம்பாதித்துக்கொண்டு பாதி மலையோடு திரும்புவதில் அவருக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பாறைக்குச் சற்றுக் கீழே வளைவில் ஒரு காட்டுமாடு நின்றது. முன்னால் போனவர் என்பதால் தலைவர்தான் முதலில் பார்த்தார். அடுத்து வந்த தையல்காரர் மாசானம் வளைவைத் திரும்பியபோது பாதையில் தலைவரைக் காணோம். பக்கத்து நாவல் மரத்தின் மேலிருந்து கீச், கீச் என்று சத்தம் வந்தது. வாயில் விசிலோடு ஏறியதால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது கத்தியது.

"யாரும் ஓடாதீக. அசையாம நில்லுங்க" என்றார் சாராள்.

காட்டுமாடு அசைபோட்டபடி எல்லாரையும் ஒருதரம் பார்த்தது. நிதானமாகச் சாணி போட்டது. பிறகு புதருக்குள் போய்விட்டது.

"அண்ணாச்சி, போயிருச்சு. இறங்குங்க."

விசிலைத் துப்பிவிட்டு பெத்துராஜ் சொன்னார்: "இறங்கத் தெரியல டீச்சர்."

"பெறகு எப்படி ஏறுனீக?"

"அதான் எனக்கும் விளங்கல."

ஓய்வு பெற்ற ஏட்டு வீரணன் மரத்தடியில் குனிந்து தோளைக் கொடுத்தார். "காலைக் கீழ விடுங்கண்ணே, நான் தாங்கிக்கிடுறேன்."

"ஒம்ம தோளை நம்பி விட முடியாதுய்யா."

எவ்வளவோ கெஞ்சியும் பெத்துராஜ் கிளையை விடவில்லை. வெயில் ஏறியது. சாராள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அப்போ சங்கக் கூட்டத்தை இங்கேயே போட்டுருவோம். தலைவருக்கு முன்னால யாரும் போகக் கூடாதுங்கிற விதியை எடுத்துறணும். இதான் தீர்மானம்."

"தலைவர் இல்லாம கூட்டம் செல்லாது!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"அதான் மேடையிலேயே இருக்கீகளே அண்ணாச்சி" என்றார் மாசானம்.

"ஆதரிக்கிறவுக கையத் தூக்குங்க" என்றார் சாராள். கீழே நின்ற எல்லாரும் தூக்கினார்கள். "எதிர்க்கிறவுக?"

பெத்துராஜ் இரண்டு கையாலும் கிளையைக் கட்டிப் பிடித்திருந்தார். வலது கையை லேசாக எடுத்தார். கிளை மளுக்கென்றது. மறுபடி கட்டிக்கொண்டார்.

"எதிர்ப்பு இல்ல. தீர்மானம் நிறைவேறிருச்சு. நாங்க மெட்டுக்குப் போறோம்."

அவர்கள் நிஜமாகவே நடக்கத் தொடங்கினார்கள். வளைவு தாண்டியதும் பின்னால் சரசரவென்று சத்தம். அப்புறம் 'ஐயோ'. சாராள்தான் முதலில் திரும்பி ஓடினார். தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு சிராய்த்திருந்தது. டிராயரின் பின்பக்கம் பெரும்பகுதி மரத்திலேயே தங்கிவிட்டது. மாசானம் தன் துண்டை நீட்டினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் ஆளுக்கொரு திசையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

பெத்துராஜ் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். "நான் கடைசியில வர்றேன். நீங்க வெரசா போங்க" என்றார்.

போடிமெட்டில் எல்லாரும் டீ குடித்து முடித்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். வேகமில்லை, ஆனால் நிற்காமல் வந்திருந்தார். விளிம்பில் நின்று கீழே பார்த்தார். வயலும் கண்மாயும் தாண்டி, கையளவுக்குப் போடி தெரிந்தது.

"எத்தனை தடவை ஜீப்புல இந்த மெட்டு வழியா வந்திருக்கேன்" என்றார் சாராளிடம். "தூங்கிக்கிட்டே வந்திருக்கேன் டீச்சர்."

சாராள் டீயை அவர் கையில் கொடுத்தார். "மெல்ல குடிங்க அண்ணாச்சி, சூடு."

இறங்க யாருக்கும் காலில் தெம்பில்லை. எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு ஜீப்பில் சங்கமே தொற்றிக்கொண்டது. கொண்டை ஊசி வளைவுகளில் வீரணனுக்குக் குமட்டத் தொடங்கியது. முந்தல் வரைக்கும் பெத்துராஜ் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.