வளையலுக்கு அடியில்

இவள் வயிற்றில் சீழ் பிடிக்க வைத்தது என் கைதான். இவளோ என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

நர்ஸ் இந்துப்ரியா கட்டில் பக்கம் போகாமல் மருந்து வண்டியைப் பிடித்தபடி நின்றாள். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து அழகர்கோவில் பக்கத்துத் தன் ஊருக்குப் போன சோணையம்மாள், காய்ச்சலோடு திரும்பி வந்து படுத்திருந்தாள். அதே வாரம் அடுத்த அறையில் இன்னொரு பெண்ணுக்கும் தையல் பிரிந்தது. இரண்டு பேருக்கும் கட்டு மாற்றியது இந்துப்ரியா. கூட வேலை பார்க்கும் நர்ஸ் தீப்தி கட்டு மாற்றியவர்களெல்லாம் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பெரிய டாக்டர் தியேட்டரைக் கழுவச் சொன்னார். மருந்துக் கம்பெனியைத் திட்டினார். அவள் கையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் அது வளைகாப்புப் போட்ட கை. "நீ வர்ற சத்தத்துலயே பாதி நோய் ஓடிரும்டி" என்று தீப்தி கிண்டல் செய்வாள்.

பிரசவத்துக்கு முன்னால் வளையலைக் கழற்றக்கூடாது என்று மாமியார் பத்மாசினி வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் ஒருமுறைதான் சொன்னார். இந்துப்ரியா மறுத்துப் பேசவில்லை. கை வீங்கியதும் கண்ணாடி வளையல்கள் தோலோடு இறுகிவிட்டன. கையுறை அவற்றின் மேல் ஏறாமல் மணிக்கட்டில் சுருண்டது. சோப்பு உள்ளே போனால் எரிந்தது. அதனால் விரலையும் உள்ளங்கையையும் தேய்த்ததோடு குழாயை மூடிவிடுவாள். கை கழுவும் முறையைக் காட்டும் படத்தை வாஷ்பேசினுக்கு மேல் ஒட்டியதே அவள்தான். மணிக்கட்டையும் தேய்க்கச் சொல்லும் படம்.

நேற்று குளிக்கும்போது வளையல்களை வலிக்க வலிக்க நகர்த்திப் பார்த்தாள். வளைகாப்பில் பூசிய சந்தனம் காய்ந்து, அதன் மேல் காயத்து மருந்தின் பழுப்பு ஏறி, கோடாகப் படிந்திருந்தது. முகர்ந்தாள். சோணையம்மாளின் கட்டைப் பிரித்தபோது வந்த அதே வாடை. சுவரில் அடித்து உடைத்துவிடலாம் என்று கையை ஓங்கினாள். வயிற்றில் பிள்ளை அசைந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். இது நம்பிக்கைகூட அல்ல, வெறும் பயம். தன் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வந்த பயம், அடுத்தவள் வயிற்றைத் தொடும்போது வரவில்லையே.

"என்னத்தா அங்கனயே நிக்குற? வந்து கட்டப் பிரி" என்றாள் சோணையம்மாள்.

"தீப்தி வருவாங்கம்மா."

"அது வேணாம். அது வெடுக்குனு பிய்க்கும். ஒன் கை பட்டாத்தான் எனக்கு ஆறும். கைராசிக்காரின்னு வார்டே சொல்லுதே." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "நாத்தம் எம்புட்டு அடிக்குதுன்னு எனக்கும் தெரியுது. மாசமா இருக்குற பிள்ள, கொமட்டத்தான் செய்யும். மூக்கப் பொத்திக்கிட்டாவது போட்டு விடு தாயி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

சோணையம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

கூச வேண்டியவள் நான், இவள் கூசுகிறாள். ஆமாம், குமட்டுகிறது என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்பதே இந்துப்ரியாவைக் குன்ற வைத்தது.

"எனக்கு ஒண்ணும் கொமட்டலம்மா. என் கைதான் சுத்தமில்ல. இந்த வளையலுக்கு அடியில இருக்குற அழுக்குதான் ஒங்க காயத்துல எறங்கியிருக்கு."

சோணையம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போடி கிறுக்கி. வளைகாப்பு வளையல்ல என்னடி அழுக்கு? மங்கலமான கை. வா, வந்து போட்டு விடு."

தலைப்பை விலக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

இந்துப்ரியா வண்டியை, அப்போதுதான் உள்ளே வந்த தீப்தியின் பக்கம் தள்ளினாள்.

"நான் தொட மாட்டேம்மா" என்றாள். "இது கையில இருக்குற வரைக்கும், யாரையும்."